உழவரைத் தேடிச் சென்ற பேராசிரியர்

அவர் பிறந்த நாள் எதுவென்று எவரும் எழுதி வைக்கவில்லை. 1864ஆம் ஆண்டாக இருக்கலாம் என்பது வரலாறு எழுதியோரின் கணிப்பு. அமெரிக்க நாட்டில், மிசூரி மாநிலத்தின் டயமண்ட் குரோவ் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில், மேரி என்ற அடிமைப் பெண்ணின் மகனாக அவர் பிறந்தார். அப்பண்ணைக்கு உரியவரான மோசஸ் கார்வர் என்ற வெள்ளையர், மேரியை 1855இல் 700 டாலர் விலை கொடுத்து வாங்கியிருந்தார். தாயை வாங்கிய ஆண்டும் விலையும் தெரிகின்றன; அவள் பெற்ற பிள்ளை பிறந்த நாள் தெரியவில்லை. நம் பாட்டன்மாரின் வயதைக் கேட்டால், தாது வருடப் பஞ்சத்துக்கு முன்னோ பின்னோ என்றுதானே வீட்டில் விடை கிடைத்தது? எனவே இச்செய்தி நமக்குப் புதிதன்று.

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்று உலகம் பின்னாளில் அறிந்த அக்குழந்தை, கைப்பிள்ளையாக இருந்தபோதே தாயை இழந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில், அடிமைகளைத் திருடி விற்கும் கொள்ளைக் கூட்டம் ஒன்று தாயையும் பிள்ளையையும் தூக்கிச் சென்றது. மோசஸ் கார்வர் ஆளனுப்பித் தேடினார். சென்றவர் குழந்தையை மட்டுமே மீட்டுக் கொண்டு வந்தார். அதற்குக் கைம்மாறாக அவருக்கு ஒரு பந்தயக் குதிரை கொடுக்கப்பட்டது என்பர். தாயின் முடிவு கடைசிவரை தெரியவேயில்லை. தந்தையோ அதற்கு முன்பே விபத்தில் இறந்து போனவர். 1865இல் மிசூரியில் அடிமை முறை ஒழிந்த பின், பிள்ளையில்லாத கார்வர் தம்பதியர் ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தனர். ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளை. வயல் வேலைக்கு ஆகமாட்டான் என்று சமையல், துணி வெளுப்பு, தையல் ஆகியவற்றைக் கற்றுக் கொடுத்தார்கள். எஞ்சிய நேரமெல்லாம் அவன் காட்டுச் செடிகளோடு கழித்தான். வாடிய செடியைப் பிழைக்க வைக்கும் கைப்பக்குவம் அவனுக்கு இருந்தமையால், அக்கம் பக்கத்தார் நோயுற்ற செடிகளை அவனிடம் காட்டி மருந்து கேட்கலாயினர்.

செடிகளைப் பற்றி மேலும் அறிய அவாவினான். ஆனால் உள்ளூர்ப் பள்ளி வெள்ளையர் பிள்ளைகளுக்கே உரியது. ஆகவே கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி இருந்த நியோஷோ என்னும் ஊருக்குத் தனியே நடந்து போனான். அப்போது வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ இருக்கும். அங்கு அவனுக்கு இடங்கொடுத்தவர் மரையா வாட்கின்ஸ் என்ற கறுப்பின மூதாட்டி. பேறுகாலம் பார்ப்பதும் துணி வெளுப்பதும் அவர் தொழில். பெயரைக் கேட்டபோது, கார்வருடைய ஜார்ஜ் என்றானாம் சிறுவன். அடிமைக்கு அதுதான் வழக்கம்: உடையவன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. இனி நீ ஜார்ஜ் கார்வர் என்று அந்த அம்மையார் திருத்தினார். கற்கக் கூடியதையெல்லாம் கற்றுக்கொண்டு, கற்றதை நம் மக்களிடம் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தார். அவர் வாழ்க்கை முழுவதையும் விளக்கப் பின்வந்தோர் எத்தனையோ நூல்கள் எழுதினர். ஆயினும் அந்தச் சலவைத் தொழிலாளி சொல்லி வைத்ததற்கு மேல் எவரும் கூடுதலாகச் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நியோஷோப் பள்ளியில் கற்க அதிகம் இல்லை. கான்சாஸ் மாநிலத்துக்குச் சென்றார். ஃபோர்ட் ஸ்காட் என்னும் ஊரில் 1879இல் வெறி கொண்ட கும்பல் ஒரு கறுப்பினத்தவரைக் கொன்று எரித்ததைக் கண்ணால் கண்டு, உடனே ஊரைவிட்டு வெளியேறினார். அந்தக் காட்சி முதுமை வரை அவரை விட்டு அகலவில்லை. பிறகு ஊர் ஊராக அலைந்து, வீடுகளில் சமைத்தும் துணி வெளுத்தும் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். ஹைலண்ட் என்ற கல்லூரிக்கு அஞ்சலில் விண்ணப்பித்தார், இடம் கிடைத்தது. நேரில் போய் நின்றபோது, தோலின் நிறத்தைப் பார்த்துவிட்டு இடமில்லை என்று திருப்பியனுப்பினார்கள். விண்ணப்பத்தில் தகுதி தெரிகிறது, வாயிலில் பிறப்பு தெரிகிறது. இதை விளக்கி எழுத வேண்டிய தேவை இம்மலரின் வாசகர்களுக்கு இல்லை.

அதன்பின் சில ஆண்டுகள் படிப்பை மறந்து, மரமில்லாச் சமவெளியில் புல்மண் கட்டியால் குடிசை கட்டிக்கொண்டு பயிர் செய்தார். மனம் ஒப்பவில்லை. அயோவா மாநிலத்தில் நட்புப் பூண்ட ஒரு குடும்பத்தார் வற்புறுத்தவே, 1890இல் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். ஓவியம் நன்றாகவே வந்தது. 1893இல் சிகாகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அவர் வரைந்த செடியின் ஓவியம் பாராட்டுப் பெற்றது. ஆனால் ஓவியம் ஒரு கறுப்பின இளைஞனுக்குச் சோறு போடாது என்று அஞ்சிய ஆசிரியை எட்டா பட், செடிகளில் அவருக்கிருந்த நாட்டத்தைக் கண்டு, தம் தந்தை பேராசிரியராக இருந்த ஏம்ஸ் நகர அயோவா வேளாண்மைக் கல்லூரிக்குப் போகத் தூண்டினார். 1891இல் அங்குச் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் கார்வர். மாணவர் உணவுக் கூடத்தில் முதலில் இடமில்லை; பண்ணையாட்களோடு கீழ்த்தளத்தில் உண்ணச் சொன்னார்கள். சிம்ப்சனில் அவரை அறிந்திருந்த ஒரு வெள்ளையரின மூதாட்டி செய்தி கேட்டு வந்து, அந்தக் கீழ்த்தளத்திலேயே அவருடன் அமர்ந்து உண்டார். அதன்பின் நிலைமை மாறத் தொடங்கியது.

1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்; அக்கல்லூரியின் முதல் கறுப்பின ஆசிரியரும் ஆனார். செடிகளைத் தாக்கும் பூஞ்சணங்களே அவருடைய ஆய்வுத்துறை. தாவரவியல் அறிஞர் லூயி பாமெல் அவர்தம் ஆசான். இலையில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு புள்ளியைக் கண்டு இன்ன பூஞ்சணம் என்று சொல்லும் கூர்மை கார்வருக்கு இருந்ததைப் பாமெல் வியந்து போற்றினார். அறிவியலார் அவர் பெயரையே சூட்டிய பூஞ்சண இனங்கள் சில இன்றும் நூல்களில் உள்ளன. ஏம்ஸிலேயே இருந்திருந்தால் முனைவர் பட்டமும் ஆய்வுக்கூடமும் உலகப் புகழும் அவரைத் தேடி வந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

அந்த வேளையில்தான் புக்கர் வாஷிங்டனின் கடிதம் வந்தது. தாமும் அடிமையாகப் பிறந்தவரான வாஷிங்டன், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் ஊரில் 1881இல் கறுப்பின மக்களுக்கான கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கி நடத்தி வந்தார். அங்கு வேளாண்மைத் துறையை ஏற்க வருமாறு அழைத்தார். கார்வர் 1896 அக்டோபரில் டஸ்கீகி போய்ச் சேர்ந்தார். 47ஆம் ஆண்டில் இறக்கும் வரை அவ்விடத்தை விட்டு நீங்கவில்லை.

போய்ப் பார்த்தால் ஆய்வுக்கூடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளில் திரிந்து, உடைந்த புட்டிகள், பழைய விளக்குகள், பாத்திரங்கள் ஆகியவற்றைப் பொறுக்கி வந்து கருவிகள் செய்தார். மறு ஆண்டு மாநில அரசு ஆண்டுக்கு 1,500 டாலர் மானியத்தில் ஒரு பயிராய்வு நிலையத்துக்கு இசைவளித்தது. அதற்குக் கிடைத்த நிலம் பத்து ஏக்கர். மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாய்க் கிடந்த, எவருக்கும் வேண்டாத பொட்டல். வெள்ளையரின் கல்லூரிகளுக்குக் கிடைத்த பணத்தோடு ஒப்பிட்டால் இது பிச்சைக் காசு.

அந்நாட்டின் தென் மாநிலங்களில் உழவர் நிலையை இங்கே சற்று விளக்க வேண்டும். அடிமை முறை ஒழிந்ததே தவிர நிலம் கை மாறவில்லை. விடுதலை பெற்றவர்கள் பழைய எசமானர்களின் நிலத்தையே வாரத்துக்கு உழுதார்கள். விதை, உரம், உணவு எல்லாம் கடையில் கடன். அறுவடையில் பாதி நிலக்கிழாருக்கு, மீதி கடைக்காரருக்கு, எஞ்சுவது அடுத்த ஆண்டுக் கடன். கணக்கு எழுதுவோரும் அவர்களே. உழுதவனுக்கோ எழுத்து தெரியாது. கடன் கொடுத்தவர்கள் பருத்தி ஒன்றையே பயிரிடச் சொன்னார்கள். ஏனெனில் விற்றால் காசாவது அதுதான். வயிற்றுப்பாட்டுக்கு உண்ணவும் முடியாதது அதுதான். தலைமுறை தலைமுறையாகப் பருத்தியே விளைந்த நிலம் சத்திழந்து செத்துப் போயிருந்தது.

கார்வர் கற்ற அறிவியலில் இதற்கு விடை இருந்தது. பயறு, கடலை போன்ற செடிகளின் வேரில் சிறுசிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. இதை 1880களில் செருமானிய அறிஞர்கள் மெய்ப்பித்திருந்தனர். பருத்தி தின்று தீர்த்ததைத் தட்டைப்பயறும் நிலக்கடலையும் மண்ணுக்குத் திருப்பித் தரும் என்பதே இதன் பொருள். கல்லூரியில் கற்றோர்க்கு இது ஒரு பாடம். காசு கொடுத்து உரம் வாங்க வழியற்ற வாரக்குடிக்கு இது உயிர். ஆனால் அவனுக்கும் அந்தப் பாடத்துக்கும் நடுவே கடல் போன்ற தொலைவு கிடந்தது.

இத்தொலைவைக் கடக்கவே கார்வர் தம் அறிவையெல்லாம் செலவிட்டார். பத்து ஏக்கர் பொட்டலில் முதலில் தாமே செய்து பார்த்தார். விலைக்கு வாங்கிய உரத்தோடு சதுப்பு நிலச் சேறு, காட்டில் உதிர்ந்த இலை, தொழுவத்துக் குப்பை ஆகியவற்றையும் இட்டுப் பார்த்தார். ஏழையிடம் இல்லாத எதையும் பரிந்துரைப்பதில்லை என்பதை நெறியாகக் கொண்டார். பன்றி வளர்க்கத் தீனி இல்லையா? காட்டில் உதிர்ந்து வீணாகும் ஓக் மரக் கொட்டைகளைப் போடலாம். 1898இல் வந்த முதல் வெளியீட்டின் பொருள் அதுதான். குடிசைக்கு வண்ணம் பூசப் பணமில்லையா? அந்த மாவட்டத்துக் களிமண்ணிலேயே வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும் இருப்பதைக் காட்டி, அதை அரைத்துப் பூசும் முறையை 1911இல் அச்சிட்டுத் தந்தார். இவ்வாறு வெளிவந்த சிற்றேடுகள் நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் உழவனுக்குப் பயிர் செய்யும் முறை இருக்கும். பள்ளி ஆசிரியருக்குச் செடியின் இயல்பு பற்றிய பாடம் இருக்கும். வீட்டுப் பெண்களுக்குச் சமையல் குறிப்பு இருக்கும். நிலக்கடலையை வளர்ப்பது பற்றியும், அதை 105 வகையாகச் சமைத்து உண்பது பற்றியும் 1916இல் வெளிவந்த ஏடு அவற்றுள் பேர் பெற்றது. (அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சாதியின் தோற்றம் பற்றிய தம் ஆய்வுரையைப் படித்ததும் அதே 1916தான். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒருவர் சாதியை ஆராய்ந்தார், மற்றவர் கடலையை ஆராய்ந்தார். இரண்டும் வேறு வேறு வேலை என்று நான் கருதவில்லை.)

ஆனால் ஏடு படிக்கத் தெரிந்தவர்களையே சென்றடையும். ஆகவே திங்கள்தோறும் உழவரைக் கல்வி நிலையத்துக்கு வரவழைத்து, வயலில் நிறுத்திப் பயிரைக் காட்டிப் பேசினார். வரமுடியாதவர்களைத் தேடி, வார இறுதியில் குதிரை வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு தாமே சிற்றூர்களுக்குப் போனார். இதை முறைப்படுத்தி ஓர் ஊர்தியாகவே அமைக்க வேண்டும் என்று வாஷிங்டன் விரும்பினார். கார்வர் திட்டம் வகுத்தார். நியூயார்க் செல்வர் மாரிஸ் ஜெசப் பொருளுதவி செய்தார். டஸ்கீகி மாணவர்களே வண்டியைச் செய்தார்கள். 1906 மே மாதம் ஜெசப் வண்டி புறப்பட்டது. கலப்பை, விதைக் கருவி, பாலிலிருந்து ஆடை பிரிக்கும் பொறி, நல்விதைகள், உர வகைகள் எல்லாம் அதில் இருந்தன. ஓர் ஊரில் ஒருவர் வயலைத் தேர்ந்துகொண்டு, அக்கம்பக்கத்து உழவரையெல்லாம் அங்கே கூட்டி, பேச்சைக் குறைத்துச் செய்து காட்டுவார்கள். அதே ஆண்டு நவம்பரில், கார்வரிடம் பயின்ற தாமஸ் கேம்ப்பெல், அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறை அமர்த்திய முதல் கறுப்பின விரிவாக்க அலுவலராகி, அவ்வண்டியின் பொறுப்பை ஏற்றார்.

ஒரு பேராசிரியர் உழவனுக்குப் புரியும்படி பேசுவதென்றால் தம் பாடத்தின் தரத்தைக் குறைத்துக் கொள்கிறார் என்று கற்றோரில் பலர் எண்ணுகின்றனர். இதைவிடத் தவறான எண்ணம் இல்லை. வேர்முடிச்சின் வேதியியலைச் சொல்லாமலே அதன் பயனை உழவன் கையில் கொடுக்க வேண்டுமானால், வேதியியலையும் அறிந்திருக்க வேண்டும். அவன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். முன்னதை மட்டும் அறிந்தோர் பலர். பின்னதைக் கார்வர் சமையற்கட்டிலும் சலவைத் தொட்டியருகிலும் கற்றிருந்தார். இழிவென்று பிறர் நினைத்த அவ்வேலைகளே அவருக்கு இரண்டாவது பல்கலைக் கழகம் ஆயின.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் மறைக்கலாகாது. தேர்ந்த பூஞ்சணவியலாராக ஆகியிருக்க வேண்டியவரின் ஆய்வு பெரும்பாலும் நின்று போயிற்று. டஸ்கீகியில் பாடம் நடத்துவது, பண்ணையைப் பார்ப்பது, கணக்கு எழுதுவது, கோழிப் பண்ணையை மேற்பார்ப்பது என எல்லாம் அவர் தலையில் விழுந்தன. கோழிகள் செத்ததற்கெல்லாம் வாஷிங்டனிடமிருந்து கண்டிப்பான கடிதங்கள் வந்தன. நிருவாகம் அவருக்குக் கைவரவில்லை என்பது உண்மை. பல முறை பதவி விலகப் போவதாகவும் எழுதினார். இரு பெரியோர்க்கும் இடையே கசப்பு இருந்தது. ஆயினும் 1915இல் வாஷிங்டன் மறைந்தபோது கார்வர் நெடுநாள் துயரில் மூழ்கிக் கிடந்தார்.

இன்னொரு குறையும் உண்டு; அது அவருடைய குறையன்று. பருத்தியைக் குறைத்துக் கடலை போடு என்ற அறிவுரை, நிலம் தன்னுடையதாக இருப்பவனுக்கே முழுப்பயன் தரும். பருத்திதான் போட வேண்டும் என்று நிலக்கிழார் கட்டளையிட்டால் வாரக்குடி என்ன செய்வான்? கார்வரின் சொல்லைக் கேட்டு வீட்டோரத்தில் காய்கறி போட்டவர்கள், பன்றி வளர்த்தவர்கள், பிள்ளைகளின் நோயைக் குறைத்துக் கொண்டவர்கள் பலர். கடனிலிருந்து முற்றும் மீண்டவர்கள் சிலரே. அறிவு ஏழையின் வாயில் வரை வந்தாலும் நிலம் வரவில்லை. இதைக் கார்வர் வெளிப்படையாகப் பேசியதில்லை. நிற வேற்றுமைக்கு எதிராகவும் அவர் மேடை ஏறிப் போராடியவரல்லர்; அதனால் தம் இனத்து இளைஞர் சிலராலேயே குறை கூறப்பட்டார். அக்குறையில் நியாயம் உண்டு என்றே நானும் கருதுகிறேன்.

1910ஐ ஒட்டி மெக்சிகோவிலிருந்து பரவிய பருத்திக் காய்க் கூன்வண்டு அலபாமாவுக்குள் நுழைந்தது. பருத்தி அழிந்தது, கடலை பரவிற்று. என்டர்பிரைஸ் என்னும் அலபாமா ஊரார், தம்மைப் பருத்தியிலிருந்து விடுவித்த நன்றிக்காக அந்த வண்டுக்கே 1919இல் நினைவுச் சின்னம் நாட்டினர். இம்மாற்றத்துக்கெல்லாம் கார்வரே காரணம் என்று சிலர் எழுதுவது மிகை. அவர் சொன்னதைப் பூச்சி வந்து கட்டாயமாக்கிற்று என்பதே சரி.

1921 சனவரியில் கடலைக்கு இறக்குமதித் தீர்வை விதிப்பது பற்றி நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் கூற அழைக்கப்பட்டார். கொடுக்கப்பட்ட நேரம் பத்து நிமிடம். ஓர் உறுப்பினர் அவர் நிறத்தைக் குறிவைத்துக் கேலி செய்தார். கார்வர் அதைப் பொருட்படுத்தாமல், கொண்டு சென்ற பெட்டியிலிருந்து கடலைப்பால், கடலை மாவு, சாயங்கள் என ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விளக்கலானார். குழுத் தலைவர் கால வரம்பையே நீக்கினார். முடிவில் உறுப்பினர்கள் கைதட்டினர். 1922இல் நிறைவேறிய தீர்வைச் சட்டத்தில் கடலைக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அன்று முதல் நாடெங்கும் அவருக்குக் கடலை மனிதர் என்று பெயர் வழங்கிற்று. கடலையிலிருந்து முந்நூறு பொருள்கள் கண்டார் என்று பாட நூல்களிலும் ஏறிவிட்டது. அவற்றுள் பல முன்பே பிறர் அறிந்தவை. சந்தைக்கு வந்து நிலைத்தவை அரிது. அவர் பெற்ற காப்புரிமங்களும் மூன்றுதான். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்பதும் தவறு. செல்வந்தர்களும் செய்தித்தாள்களும் முந்நூறு பொருள்களைப் போற்றிய ஆரவாரத்தில், அந்தக் குதிரை வண்டி மறக்கப்பட்டது. நம் இளைஞர்கள் அவரை அந்த வண்டியைக் கொண்டே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

புகழ் வந்த பின்னும் வாழ்க்கை மாறவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர் விடுதியில் இரண்டு அறைகளே வீடு. நைந்த சட்டை, அதன் மடிப்பில் நாள்தோறும் ஒரு புதுப் பூ. சம்பளக் காசோலைகளைக் காசாக்க மறந்து மேசையில் போட்டு வைப்பார். இவ்வாறு சேர்ந்த வாழ்நாள் சேமிப்பு ஏறத்தாழ 60,000 டாலர் முழுவதையும், தம் மக்களின் பிள்ளைகள் அறிவியல் ஆய்வு செய்வதற்கான அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார். அவ்வறக்கட்டளை 1940இல் நிறுவப்பெற்றது.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942இல், தள்ளாத வயதில் மேலும் ஒரு சிற்றேடு எழுதினார். களை என்று பிடுங்கி எறியப்படும் செடிகளுள் உண்ணத் தக்கவை எவை, அவற்றை எப்படிச் சமைப்பது என்பதே அதன் பொருள். வரப்போரத்தில் கீரை பறித்துக் குடும்பத்தின் பசியாற்றிய நம் தாய்மார்களுக்கு அந்த ஏட்டைப் படித்துக் காட்டினால், இதற்குப் பேராசிரியர் வேண்டுமா என்று சிரிப்பார்கள். பிறகு எந்தக் கீரை, என்ன பக்குவம் என்று கேட்டு, தாம் அறிந்த இரண்டையும் அவருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். கார்வரும் அப்படித்தான் அம்மாவட்டத்துப் பெண்களிடம் கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தார்.

படிக்கட்டில் விழுந்து படுத்தவர், 1943 சனவரி 5 அன்று மறைந்தார். டஸ்கீகியில் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு சூலையில், அவர் தாயை விலைக்கு வாங்கி வைத்திருந்த அந்த மிசூரிப் பண்ணையை அமெரிக்க அரசு நாட்டின் நினைவிடமாக அறிவித்தது.